மணப்பந்தலும் நிழற்படப் பெட்டியும்

தமிழர் இல்லங்களின் கூடத்துச் சுவரை நோக்குவோர், கடவுளர் படங்களுக்கு அடுத்தபடியாகப் பழைய திருமணப் படம் ஒன்று தொங்குவதைப் பெரும்பாலும் காண்பர். ஊரை விட்டுப் பல நூறு மைல் தள்ளி வந்து தில்லியில் குடியேறிய நம்மனோர்க்கு இப்படம் வெறும் அலங்காரப் பொருளன்று. பாட்டனார் பிறந்த வீடும், பந்தல் போட்ட தெருவும், அன்று கூடிய சுற்றமும் கண்ணெதிரே இல்லாத இடத்தில், அவற்றுக்கெல்லாம் சான்றாக நிற்பது அந்த ஒரு படமே. இங்கே பிறந்து வளரும் நம் பேரப்பிள்ளைகள் கொள்ளுப்பாட்டியின் முகத்தை அதிலேதான் கண்டு அறிகின்றனர்.

அப்படத்தில் எவர் இருக்கின்றனர், எவர் இல்லை. எந்தச் சடங்கு பதிந்தது, எது பதியாமற் போயிற்று என்னும் வினாக்கள் நம்முள் எழுவது இயல்பு. இவற்றுக்கு விடை, அன்று படம் பிடிக்க வந்தவர் தம்முடன் எக்கருவிகளைச் சுமந்து வந்தார் என்பதில் பெரும்பகுதி அடங்கியுள்ளது. காமிராவைத் தேர்ந்தெடுத்தபோதே அவர் குடும்பத்தின் நினைவையும் ஓரளவு தேர்ந்தெடுத்துவிட்டார். ஆதலின், திருமண வீட்டிற்குக் காமிரா வந்த வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்ந்து, நம் காலனித் திருமணங்களுக்கு அதனால் விளையும் பயனையும் நோக்குவோம்.

கூடாரம் சுமந்த காலம்

பிரெஞ்சு நாட்டவராகிய தாகேர் கண்டறிந்த நிழற்பட முறை 1839ஆம் ஆண்டில் பாரிசு நகரில் உலகுக்கு வெளியிடப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அக்கலை இந்தியாவை எட்டியது. 1854இல் பம்பாயிலும், 1856இல் கல்கத்தாவிலும் சென்னையிலும் நிழற்படச் சங்கங்கள் தோன்றின. அக்காலத்தில் மேலோங்கி நின்றது, பிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்னும் ஆங்கிலேயர் 1851இல் வெளியிட்ட ஈரத்தகடு முறையாகும். கண்ணாடித் தகட்டின்மேல் கொலோடியன் என்னும் பசையைப் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து, அஃது உலர்வதற்கு முன்னரே காமிராவில் வைத்துப் படம் பிடித்து, உடனே கழுவியும் ஆக வேண்டும். ஆகவே, வெளியிடத்தில் படம் பிடிக்கச் செல்வோர் காமிராவோடு இருட்டறையாகப் பயன்படும் கூடாரத்தையும், இரசாயனப் புட்டிகளையும், கழுவுதற்குரிய நீரையும், உடையக்கூடிய கண்ணாடிகளையும் சுமந்து செல்ல வேண்டியவராயினர். நம் நாட்டு வெயிலில் தகடு விரைவில் உலர்ந்துபோதல் மற்றோர் இடர்.

சென்னை அரசாங்கத்தின் நிழற்படக் கலைஞராய் அமர்ந்த லின்னேயஸ் டிரைப் என்பார், 1858இல் மதுரை, திருவரங்கம், தஞ்சை முதலிய இடங்களைப் படம் பிடித்தார். முன்கூட்டியே ஆயத்தம் செய்துகொள்ளத்தக்க மெழுகுக் காகித நெகடிவ்களை அவர் பெரும்பாலும் கையாண்டார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக அமைத்த அவர்தம் உழைப்பு இன்றும் போற்றப்படுகிறது. ஆயினும் ஒன்றை நாம் நினைத்தல் வேண்டும். கல்வெட்டு ஓரிடத்தே நிற்பது. எத்துணை நேரம் ஒளி காட்டினும் அசையாது. மாங்கல்யம் பூட்டும் கையோ ஒரு நொடியும் காத்திராது. இதனாலேயே, கோயில்களுக்கும் கோட்டைகளுக்கும் அரிய படங்கள் கிடைத்துள்ள அக்காலத்திலிருந்து, திருமணச் சடங்கு நடந்தேறும் காட்சியைக் காட்டும் படம் நமக்குக் கிட்டுதல் அரிதாயிற்று. வசதி படைத்தோர் மணம் முடிந்த பின்னர் ஸ்டூடியோவுக்குச் சென்று, தலை அசையாதிருக்கப் பின்புறம் இரும்புத் தாங்கி பொருத்திய நாற்காலியில் அமர்ந்து படம் எடுத்துக்கொண்டனர்.

பன்னிரண்டு தகடுகள்

1871இல் மருத்துவர் ரிச்சர்டு மேடாக்ஸ் உலர்தகட்டுக்கு வழி கண்டார். பத்தாண்டுகளுக்குள் ஆலைகளில் ஆயத்தம் செய்த தகடுகள் பெட்டி பெட்டியாகக் கடைக்கு வந்தன. கூடாரம் ஒழிந்தது. படம் பிடித்த தகட்டைப் பல நாள் கழித்து ஊரில் வைத்துக் கழுவலாம் என்னும் நிலை ஏற்பட்டது. காமிரா திருமண வீட்டின் வாயிலுக்கு வந்தது இதன் பின்னரே எனலாம்.

மீரட்டுக்கு அருகிலுள்ள சர்தானாவில் 1844இல் பிறந்து, ஐதராபாத்து நிசாமின் அரசவைக் கலைஞராய் விளங்கிய ராஜா தீன் தயாள் இக்காலத்தின் தலைமகன் ஆவார். 1905இல் மறைந்த அவருடைய கண்ணாடி நெகடிவ்களில் 2,800க்கும் மேற்பட்டவை நம் தில்லியிலேயே இந்திரா காந்தி தேசியக் கலை மையத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அவர் 1892இல் ஐதராபாத்தில் பெண்டிர்க்கென்றே தனி ஸ்டூடியோ ஒன்றை அமைத்து, அதை நடத்தும் பொறுப்பை ஓர் ஆங்கிலப் பெண்மணியிடம் ஒப்படைத்தார். ஆடவர் முன் வாராத குலமகளிரும் தம் உருவத்தைப் பதிந்துகொள்ள இதனால் வழி பிறந்தது. எக்கருவி வேண்டும் என்பதோடு, அதை யார் இயக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எண்ணியவர் அவர்.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்குச் சென்ற போட்டோகிராபரின் சுமை யாது? பித்தளைப் பூண் கட்டிய மரக் காமிரா ஒன்று. மடக்கத்தக்க முக்காலி ஒன்று. தலைமேல் போர்த்திக்கொள்ளக் கருந்துணி ஒன்று. ஒவ்வொன்றும் இரு தகடு கொள்ளும் மரச்சட்டங்கள் ஐந்தாறு. ஆறு சட்டங்களைக் கொண்டுவந்தால் பன்னிரண்டு படங்கள், அதற்குமேல் இல்லை. பின்புறக் கண்ணாடியில் உருவங்கள் தலைகீழாகத் தோன்றும். அதைப் பார்த்துத் தெளிவாக்கி, சட்டத்தைச் செருகி, லென்சின் மூடியைக் கழற்றி, மனத்துக்குள் எண்ணி, மீண்டும் மூடுதல் வேண்டும். 'ஆடாதீர்கள், அசையாதீர்கள்' என்னும் கட்டளை அன்று இன்றியமையாததாய் இருந்தது. நம் முன்னோர் மணநாளன்றும் சிரிப்பின்றிக் காட்சி தருவதற்கு இதுவும் ஒரு காரணம். மணவாழ்வில் அவர்க்கு மகிழ்ச்சி இல்லையென்று கொள்ளற்க.

வைகறை முகூர்த்தத்தின்போது பந்தலுக்குள் இத்தகடுகளுக்குப் போதிய ஒளி இராது. ஆகவே போட்டோகிராபர் முகூர்த்தத்தை விட்டுவிட்டு, வெயில் ஏறிய பின்னர் முற்றத்திலோ தெருவிலோ ஜமக்காளம் விரித்து, பெரியோரை நாற்காலியில் அமர்த்தி, குழந்தைகளைத் தரையில் உட்காரவைத்து, குடும்பப் படம் எடுத்தார். அதுவே 'கல்யாணப் படம்' என்று நிலைத்துவிட்டது. எண்ணி எடுக்கும் படங்களில் எவர்க்கு இடம் கொடுப்பது என்னும் முடிவைக் குடும்பத்துப் பெரியவரே செய்தார். கைம்பெண்கள் மங்கல நிகழ்ச்சியில் முன்வரலாகாது என்னும் கொடிய வழக்கமும் அன்று நிலவியது. மணமகளைப் பெற்று வளர்த்த தாயோ, தூக்கிச் சுமந்த அத்தையோ அவ்வழக்கத்தினாலேயே படத்தில் இடம் பெறாது போயினர். தவில் வாசித்தவரும், சமையற்கட்டில் இரவெல்லாம் விழித்திருந்தவரும் அவ்வாறே. பழைய படத்தை நோக்கும்போது, அதில் இல்லாதவரையும் எண்ணிப் பார்ப்பது நம் கடமையாகும்.

ஒளியையும் உடன் கொணர்தல்

இருளில் படம் பிடிக்கும் வேட்கை பழையது. 1887இல் ஜெர்மானியர் இருவர் மக்னீசியத் தூளோடு வெடியுப்பு வகையைக் கலந்து மின்னல் தூள் செய்தனர். தகட்டில் கொட்டிக் கொளுத்தினால் பேரொளி தோன்றும். அதனோடு வெண்புகையும் தீப்பொறியும் எழும். தென்னங்கீற்றுப் பந்தலில் இதனைக் கையாளுதல் எத்துணை அச்சந் தருவது என்பதை நாம் ஊகிக்கலாம். 1929இல் ஜெர்மனியில் கண்ணாடிக் குமிழுக்குள் அடைத்த பிளாஷ் பல்பு விற்பனைக்கு வந்து இவ்வச்சத்தை நீக்கியது. ஆயினும் ஒரு பல்பு ஒரு படத்துக்கே உதவும். எரிந்ததும் எறிந்துவிட்டு வேறொன்று பொருத்த வேண்டும். எனவே இரவு நிகழ்ச்சியில் எத்தனை படம் என்பதைப் பெட்டியிலுள்ள பல்புகளின் எண்ணிக்கையே உறுதி செய்தது. அமெரிக்கப் பேராசிரியர் ஹரால்டு எட்ஜர்ட்டன் 1931இல் உருவாக்கிய மின்னணு பிளாஷ் நாளடைவில் பரவிய பிறகே, ஒரே விளக்கு மீண்டும் மீண்டும் ஒளிரும் வசதி கிட்டியது. தொடக்கத்தில் அதற்கெனக் கனத்த பாட்டரிப் பெட்டியைத் தோளில் மாட்டித் திரிந்தனர்.

பிளாஷ் ஒளிக்கு ஓர் இயல்பு உண்டு. தொலைவு இரு மடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறையும். முதல் வரிசையில் அமர்ந்தவர் முகம் வெளுத்தும், பின்வரிசையில் நின்றவர் முகம் இருண்டும் பழைய படங்களில் தோன்றுவது இதனாலேயாம். சுவரோரம் நின்ற மாமனை அடையாளம் காண முடியாது நாம் இன்று வருந்துகின்றோம் எனில், விளக்கைக் காமிராவின் மேலேயே வைத்து நேரே பாய்ச்சியதே அதற்குக் காரணம்.

மார்பளவில் பிடித்த காமிரா

1925இல் லைக்காவும், 1929இல் ரோலிபிளெக்ஸும் வெளிவந்தன. நம் நாட்டுத் திருமணங்களில் இரண்டாவதன் வழிவந்த இரட்டை லென்ஸ் காமிராக்களே நெடுங்காலம் கோலோச்சின. பின்னர் ஜப்பானியரின் யாஷிகா வந்து சேர்ந்தது. 120 என்னும் பிலிம் சுருளில் சதுரமான பன்னிரண்டு படங்கள் எடுக்கலாம். சுருளை மாற்றுவதும் எளிது. பையில் பத்துச் சுருள் இருந்தால் 120 படங்கள். லென்சுக்குள்ளேயே ஷட்டர் அமைந்திருந்ததால் எவ்வேகத்திலும் பிளாஷோடு இசைந்தது. கழுத்தில் மாட்டி, மார்பளவில் பிடித்து, மேலிருந்து குனிந்து பார்த்துப் படம் எடுப்பர்.

இதில் ஒரு நயம் உண்டு. கெட்டிமேளம் முழங்கியதும் சுற்றத்தார் அனைவரும் எழுந்து நின்று அட்சதை தூவுவர். போட்டோகிராபரின் கண்ணுக்கு முதுகுகளே தென்படும். அந்நேரத்தில் காமிராவைத் தலைகீழாகத் திருப்பி, தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்து, அண்ணாந்து அதன் கண்ணாடியில் பார்த்துப் படம் எடுத்துவிடுவர் கைதேர்ந்தவர். முற்றத்துக் குடும்பப் படத்தோடு நின்றிருந்த ஆல்பத்தில் தாலி கட்டும் காட்சியும் இடம் பெற இத்தகைய காமிராக்கள் பெரிதும் உதவின. அக்காட்சி வந்த பின்னர் அதுவே ஆல்பத்தின் நடுநாயகமாயிற்று.

பிலிம் தட்டுப்பாடு நம் நாட்டில் நெடுநாள் நிலவியது. அதனைப் போக்க 1960இல் உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் பொதுத்துறை நிறுவனம் தொடங்கப்பெற்று, 1967இல் உற்பத்தி கண்டது. 'இந்து' என்னும் பெயரோடு அதன் கறுப்பு வெள்ளைப் பிலிம்கள் நாடெங்கும் சென்றன. தமிழ்நாட்டு மலையில் செய்த பிலிமிலே தில்லித் தமிழர் மணக்கோலம் பதிந்தது என்பதில் நமக்கு ஒரு பெருமிதம் உண்டு. காலமாற்றத்தைத் தாங்காது அந்நிறுவனம் பின்னாளில் மூடப்பட்டது.

1970களிலும் 1980களிலும் வண்ணப்படம் பெருகியது. 36 படங்கள் கொண்ட 35 மில்லிமீட்டர் சுருளும், லென்சை மாற்றத்தக்க காமிராவும் கைக்கு எளிதாயின. ஆனால் அக்கால வண்ண அச்சுகள் பல, சாயம் மங்கிச் செம்மை படர்ந்துவிட்டன. அவற்றுக்கு முந்திய கறுப்பு வெள்ளைப் படங்களோ வெள்ளித் துகளால் ஆனமையின் தெளிவாய் நிற்கின்றன. தாயின் படத்தைவிடப் பாட்டியின் படம் தெளிவாக இருக்கும் விந்தையைப் பல வீடுகளில் காணலாம். 1999இல் நிக்கான் டி1 வந்தது முதல் டிஜிட்டல் காமிரா பிலிமின் இடத்தைப் படிப்படியாகக் கைக்கொண்டது. பன்னிரண்டு என்னும் எல்லை தகர்ந்து, ஒரே திருமணத்தில் ஆயிரக்கணக்கான படங்கள் எடுப்பது வழக்கமாயிற்று.

நம் காலனித் திருமணங்களுக்கு

இவ்வரலாறு நமக்குக் கற்பிப்பது யாது? ஒவ்வொரு காலத்திலும் கருவியின் குறையைச் சடங்கைப் பற்றிய அறிவே ஈடு செய்தது. ஊர்ப் போட்டோகிராபர்க்கு எப்போது மாலை மாற்றுவர், எப்போது ஊஞ்சல், எப்போது கன்னிகாதானம், எந்த நொடியில் கெட்டிமேளம் என்பன மனப்பாடம். ஆகவே பன்னிரண்டு படங்களுக்குள் அவர் ஒரு திருமணத்தை அடக்கினார். தில்லியில் நாம் அமர்த்தும் போட்டோகிராபரோ வடநாட்டுத் திருமணங்களில் பழகியவராக இருக்கக்கூடும். அத்திருமணங்கள் பெரும்பாலும் இரவில், விளக்கலங்காரத்தின் நடுவே, அக்கினியை வலம் வரும் நெடுநேரச் சடங்கோடு நடைபெறுவன. சில நொடிகளில் முடியும் மாங்கல்யதாரணமே நமக்குத் தலைமையானது என்பதை எவரும் உரைக்காவிடின் அவர் எவ்வாறு அறிவார்? அந்நேரத்தில் அவர் லென்சை மாற்றிக்கொண்டிருப்பின், எத்துணை விலையுயர்ந்த காமிரா கையிலிருந்தும் பயன் என்ன?

ஆதலின், நிகழ்ச்சி நிரலை நேரத்தோடு எழுதி முன்னாளே அவரிடம் கொடுத்தல் வேண்டும். தமிழர் திருமணம் ஒரே வகையினதன்று. 1967ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தால் செல்லுபடியான சுயமரியாதைத் திருமணத்தில் ஓமம் இல்லை, புகை இல்லை, மணமக்கள் மேடையில் அவையை நோக்கி நிற்பர், வாழ்த்துரையே நெடியது. தேவாலயத்திலும் நிக்காஹ் மன்றத்திலும் ஒளியும் ஒழுங்கும் வேறு. அதற்கேற்பவே கருவியும் அமைதல் வேண்டும்.

நம் பிள்ளைகளில் பலர் இன்று தாமே காமிரா ஏந்துகின்றனர். உறவினர் திருமணத்துக்குச் செல்லும் அவர்க்குச் சில சொல்வோம். முதலாவது, காமிரா இரண்டு வேண்டும். ஒன்று பழுதுபட்டால் முகூர்த்தம் காத்திராது. அன்றியும், ஒன்றில் அகன்ற காட்சிக்குரிய லென்சும் மற்றதில் தொலைவுக்குரிய லென்சும் பொருத்திவிட்டால், தாலி கட்டும் நேரத்தில் மாற்ற நேராது. 24 முதல் 70 மில்லிமீட்டர் வரையிலான லென்ஸ் ஒன்றும், 70 முதல் 200 வரையிலானது ஒன்றும் பெரும்பாலான நிகழ்ச்சிகளுக்குப் போதும். இரண்டாவதைக் கொண்டு, புரோகிதர்க்கும் பெற்றோர்க்கும் இடையூறின்றித் தொலைவிலேயே நின்று மணமகள் தந்தையின் கண்ணீரையும் பதிக்கலாம்.

இரண்டாவது, வைகறை ஒளிக்கும் ஓமப் புகைக்கும் ஏற்ப, 35 அல்லது 50 மில்லிமீட்டரில் மிகுந்த ஒளியை உள்வாங்கும் லென்ஸ் ஒன்று உடனிருத்தல் நலம். பிளாஷை நேரே பாய்ச்சினால் புகையே வெண்திரையாகத் தோன்றும். வெண்ணிறக் கூரை இருப்பின் அதன்மேல் பாய்ச்சி எதிரொளியைப் பெறுக. மூன்றாவது, குடும்பப் படத்துக்கு அகன்ற லென்ஸ் ஆகாது. ஓரத்தில் நிற்போர் உருவம் அகன்று விகாரமாகும். சற்றுப் பின்னே சென்று 50 மில்லிமீட்டர் அளவில் எடுத்தலே முறை. ஓரத்தில் நிற்பவரும் நம் உறவினரே அல்லரோ? நான்காவது, பாட்டரியும் நினைவட்டையும் இரட்டிப்பாக வேண்டும். இரண்டு அட்டைகளில் ஒருங்கே பதியும் காமிரா கிடைப்பின் அதுவே சிறந்தது. இவற்றுக்குமேல் சுமப்பது தோளுக்குப் பாரம். பெட்டியைத் திறந்து தேடும் நேரத்தில் நிகழ்ச்சி கடந்துவிடும்.

ஐந்தாவதாகப் பெட்டியில் வைக்க வேண்டியது ஒரு துண்டுத்தாள். வீட்டிலுள்ள முதியோர் பெயர்களை அதில் எழுதிக்கொள்க. கைம்மை நோன்பின் பெயரால் பின்கட்டில் நிறுத்தப்பட்ட பாட்டிமார் காலம் மாறிவருகிறது. அவர்களை நடுவே அமர்த்தி முதற்படம் எடுத்தல் நம் தலைமுறையின் கடன். நாகசுரக் கலைஞர்க்கும், சமையற்காரர்க்கும், பூத்தொடுத்த மகளிர்க்கும் ஒவ்வொரு படம் எடுத்தால் இன்று பிலிம் செலவு ஏதுமில்லை. பன்னிரண்டு தகடுகளுக்குள் அடங்காதவர்கள், ஆயிரம் படங்களுக்குள்ளும் அடங்காது போவரேல் அது கருவியின் குற்றமாகாது.

எடுத்தபின் காத்தல்

எடுப்பதினும் காத்தல் அரிது. முன்னோர் விட்டுச் சென்றது ஓர் அட்டைப்படம். அது கிராண்ட் டிரங்கு எக்ஸ்பிரசில் பெட்டியின் அடியில் புடவை மடிப்புக்குள் பயணம் செய்து, எத்தனையோ குவார்ட்டர்சு மாறியும் அழியாதிருக்கிறது. நாம் விட்டுச் செல்வதோ கணினியிலும் கைப்பேசியிலும் கிடக்கும் பல்லாயிரம் படங்கள். கருவி பழுதானால் அனைத்தும் ஒருங்கே மறையும். ஆகவே ஒவ்வொரு திருமணத்திலும் ஐம்பது படங்களையேனும் நல்ல தாளில் அச்சிட்டு, பின்புறம் மென்மையான பென்சிலால் பெயர், ஊர், உறவுமுறை, ஆண்டு ஆகியவற்றை எழுதி வைத்தல் வேண்டும். பழைய படங்களுக்கும் அவ்வாறே செய்க. அவர் இன்னார் என்று சொல்லத்தக்க முதியவர் நம்மிடையே இருக்கும்போதே கேட்டு எழுதுக. பிறகு கேட்பதற்கு ஆளிராது.

புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினர் தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோக்களிலும் இல்லங்களிலும் உள்ள படங்களைத் தேடி, டிஜிட்டல் படியெடுத்துப் பாதுகாக்க முனைந்தனர். குடும்பப் படம் நாட்டு வரலாற்றுக்கும் சான்று என்பதை அவர்தம் முயற்சி மெய்ப்பித்தது. ஊரில் இருப்போர்க்கே அது வேண்டுமெனின், ஊரை விட்டு வந்த நமக்கு அஃது எத்துணை இன்றியமையாதது! நம் சங்க நூலகத்தில் ஓர் அலமாரியை இதற்கென ஒதுக்கி, காலனிக் குடும்பங்கள் ஒவ்வொன்றும் தத்தம் வீட்டுப் பழைய திருமணப் படம் ஒன்றின் படியைப் பெயர்க்குறிப்போடு அளித்தால், சில ஆண்டுகளில் தில்லித் தமிழரின் வரலாறு அங்கே உருவாகும். சங்கத்து அன்பர்கள் இதனைச் சிந்தித்து ஆவன செய்வார்களாக.

மணமக்கள் வாழ்க! அவர்தம் நினைவைக் காக்கும் கைகளும் வாழ்க!